மூச்சிரைப்புக்கு ஒரு குழாய் ரத்தம்: புதிதாக ஜி.பி. பயிற்சிக்கு வந்தவர்களுக்கு

வார்டில் வேலை பார்த்துவிட்டு ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் மாதத்தில் ஒரு தடுமாற்றம் உண்டு. இதயம் ரத்தத்தை இறைக்கச் சிரமப்படுவதே இதயச் செயலிழப்பு. வார்டில் அந்த நோயாளி இரண்டு தலையணைமேல் சாய்ந்து, தொடை வரை வீங்கிய கால்களோடும் மூக்கில் ஆக்சிஜனோடும் இருப்பார். வாசலில் நின்றே சொல்லிவிடலாம். ஜி.பி. அறைக்குள் அதே நோய் நடந்து வரும். "முன்போல மாடி ஏற முடியவில்லை டாக்டர், வயதாகிவிட்டது" என்று அதுவே ஒரு காரணத்தையும் சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடும்.

இங்கிலாந்தில் இதயச் செயலிழப்பு முதன்முதலாகக் கண்டறியப்படுபவர்களில் சுமார் 80 சதவீதத்தினருக்கு அது மருத்துவமனையில்தான் தெரியவருகிறது. அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் அதற்கு முன்பே மூச்சிரைப்பு, கால் வீக்கம், அசதி என்று ஜி.பி.யிடம் வந்து போனவர்கள். நானும் ஒருவரை அப்படி அனுப்பியிருக்கிறேன். பயிற்சியின் முதல் ஆண்டு. அறுபதைத் தாண்டிய ஒரு தமிழ்ப் பெரியவர் இரவில் இருமல் என்று வந்தார். நான் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அவர் ஆம்புலன்ஸில் போனார். என்.டி.-புரோ-பி.என்.பி. என்ற ரத்தச் சோதனைக்கான கட்டம் என் கணினித் திரையிலேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

அந்தக் கட்டத்தை எப்போது தொட வேண்டும், வருகிற எண்ணை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கே இந்தக் கட்டுரை. இதில் வரும் எண்களும் காலக்கெடுவும் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டியில் உள்ளவை. உங்கள் பகுதியின் பரிந்துரைப் படிவத்தில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சோதனை எதை அளக்கிறது

இதயத்தின் கீழறைச் சுவர் அழுத்தத்தால் இழுபடும்போது அதன் தசைச் செல்கள் ஒரு புரதத்தை வெளியிடுகின்றன. அது இரண்டாக வெட்டுப்படும். ஒரு துண்டு பி.என்.பி.; உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி, ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, இதயத்தின் சுமையை இறக்கப் பார்ப்பது இதுதான். மற்றத் துண்டு என்.டி.-புரோ-பி.என்.பி.; அதற்கு வேலை எதுவும் இல்லை, ஆனால் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பி.என்.பி.யைப் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்ததால் அதன் பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது. முக்கியமாகச் சுரப்பது இதயம் என்று பிறகு தெரிந்தும் பெயர் மாறவில்லை.

ஆக, இந்தச் சோதனை காட்டுவது நோயின் பெயரை அல்ல, இதயச் சுவர் படும் பாட்டை. ஏன் படுகிறது என்பதற்கு இதில் விடை கிடையாது. அதனால் 'இல்லை' என்று சொல்வதில் இது கெட்டி. 'ஆம்' என்று சொல்வதில் அவ்வளவு நம்பகம் இல்லை. கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த ஒரு குணத்திலிருந்து பிறப்பவை.

முதல் படி: யாருக்கு எடுப்பது

புதிதாக மூச்சிரைப்பு, கணுக்கால் வீக்கம், காரணம் புரியாத அசதி, படுத்தால் மூச்சு முட்டுவது, நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது. இவற்றில் ஒன்று இருந்து, அதற்கு வேறு தெளிவான காரணம் இல்லையென்றால் சோதனையை எழுதுங்கள். பட்டியல் சுலபம், நோயாளியின் பேச்சிலிருந்து இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் வேலை.

லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வேலை பார்த்தால் தமிழிலேயே பேசும் நோயாளிகள் நிறைய வருவார்கள். ஒரே மொழிதானே என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுக்காரர் 'களைப்பு' என்றால் பெரும்பாலும் அசதி. யாழ்ப்பாணத்து அம்மா 'களைக்கிறது' என்றால் மூச்சு வாங்குவதைச் சொல்லக்கூடும். 'இளைப்பு' என்பது ஒருவருக்கு மூச்சு வாங்குவது, இன்னொருவருக்கு ஆஸ்துமா. 'முட்டு', 'தொய்வு' என்று சொல்லி, தமக்கு ஆஸ்துமா என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு வருபவரும் உண்டு. கால் 'அதைத்திருக்கிறது' என்றால் வீங்கியிருக்கிறது. ஆகவே சொல்லை விட்டுவிட்டுச் செயலைக் கேளுங்கள். எத்தனை படி ஏறியதும் நிற்கிறீர்கள்? போன தீபாவளிக்கு அதே படிகளை எப்படி ஏறினீர்கள்? இரவில் எத்தனை தலையணை? கட்டிலை விட்டு நாற்காலிக்கு மாறிவிட்டீர்களா? குனிந்து செருப்பு மாட்டும்போது மூச்சு முட்டுகிறதா? கடைசிக் கேள்விக்குத் தலையாட்டுகிறவர்களை நான் எளிதில் விடுவதில்லை.

மருந்துப் பட்டியலையும் அப்போதே பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் தனியாகவே கணுக்காலை வீங்க வைக்கும். நீரிழிவுக்கான பயோகிளிட்டசோன் உடலில் நீரைத் தேக்கி, இருக்கிற இதயச் செயலிழப்பை மோசமாக்கும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடும் இபுப்ரோஃபென் எந்தப் பட்டியலிலும் இருக்காது. கேட்டால்தான் வெளியே வரும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ வளர்ந்தவரிடம் இன்னொரு கேள்வி: சிறுவயதில் மூட்டு வீக்கத்தோடு நீண்ட காய்ச்சல் வந்ததா, மாதந்தோறும் பென்சிலின் ஊசி போட்டார்களா? வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டு நாற்பது ஆண்டு சும்மா இருக்கும். ஸ்டெதஸ்கோப்பில் புதிதாக முணுமுணுப்புக் கேட்டால் ரத்தச் சோதனை என்ன சொன்னாலும் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், தேவை.

அறிகுறியே இல்லாதவர்களுக்கு இதை எடுக்கலாமா என்று செவிலியர்கள் கேட்பதுண்டு. அயர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஸ்டாப்-எச்.எஃப். ஆய்வில், ரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற ஆபத்துக் காரணிகள் கொண்ட 1,374 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பிரிவில் பி.என்.பி. 50ஐத் தொட்டவர்களுக்கு எக்கோவும் நிபுணர் கவனிப்பும் கொடுத்தபோது, இதயம் பழுதாவது குறைந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் நாம் பேசுவது அறிகுறியோடு வந்து உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. ஆண்டுச் சோதனையில் இதையும் ஒரு டிக் போட்டு அனுப்பும் பழக்கம் வேண்டாம். வருகிற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நீங்களே முழிப்பீர்கள்.

இரண்டாம் படி: யாருக்குக் காத்திருக்கக் கூடாது

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், ஆக்சிஜன் அளவு சரிவு, இளஞ்சிவப்பு நுரை, நெஞ்சுவலி, மயக்கம் என்றால் 999ஐ அழைத்து ஆம்புலன்ஸ். ரத்தச் சோதனை முடிவு வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். இவரிடம் அவ்வளவு நேரம் இல்லை.

மூன்றாம் படி: ரத்தம் முதலில், மாத்திரை பிறகு

கால் வீங்கியிருக்கிறது, நீரை வெளியேற்றும் ஃபியூரோசமைடு மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், இறங்கினால் இதயம்தான். இந்தக் கணக்கு பழைய டாக்டர்களிடம் உண்டு, புதியவர்களுக்கும் சீக்கிரம் தொற்றும். இரண்டு காரணங்களால் அது தப்பு. எந்தக் காரணத்தால் வந்த வீக்கமானாலும் ஃபியூரோசமைடுக்குக் கொஞ்சம் இறங்கும். அதோடு அது இதயச் சுமையைக் குறைத்து, நாம் அளக்கப் போகிற எண்ணையும் இறக்கிவிடும். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு வந்த 350ஐப் பார்த்து, அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். நோயாளி சிரமப்பட்டால் ரத்தம் எடுத்த அன்றே மாத்திரை தொடங்கலாம், தடையில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீரகச் செயல்பாட்டையும் பொட்டாசியத்தையும் பார்த்துவிடுங்கள்.

வெறும் வயிறு தேவையில்லை. என்.டி.-புரோ-பி.என்.பி.யைப் பெரும்பாலான ஆய்வகங்கள் சாதாரண சீரம் குழாயிலேயே, அதாவது சிறுநீரகச் சோதனைக்கு எடுக்கும் அதே மஞ்சள் மூடிக் குழாயில் செய்கின்றன. அறை வெப்பத்தில் அது இரண்டு மூன்று நாள் கெடாமல் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை வேன் போய்விட்டதே என்று பதற வேண்டியதில்லை. பி.என்.பி. அப்படியல்ல. அதற்கு ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாய் வேண்டும், சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். முதல்நிலை மருத்துவத்தில் என்.டி.-புரோ-பி.என்.பி. நிலைத்ததற்கு இந்தச் சௌகரியமும் ஒரு காரணம்.

அதே ஊசியில் மற்றவற்றையும் எடுத்துவிடுங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு. ரத்தசோகையும் தைராய்டும் மூச்சிரைப்புக்குத் தாமே காரணமாகலாம், இதயத்தைக் கெடுக்கவும் செய்யலாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். ஈ.சி.ஜி.யை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனோ (மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) பழைய மாரடைப்பின் தடமோ இருந்தால் அன்றே தெரியும். முற்றிலும் இயல்பான ஈ.சி.ஜி. என்றால் இதயத்தின் இறைப்புத் திறன் வெகுவாகக் குறைந்திருக்கும் வாய்ப்பு குறைவு. நெஞ்சு எக்ஸ்ரேயும் தேவை. ஆனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதற்காக இதயத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

நான்காம் படி: எண்ணை வாசிப்பது

முடிவு ஒரு லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று வரும். சென்னையிலிருந்து கொண்டுவந்த அறிக்கையில் மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிக்கையின் தலைப்பை ஒருமுறை பாருங்கள். பி.என்.பி. 350 என்பது வேறு, என்.டி.-புரோ-பி.என்.பி. 350 என்பது வேறு. முன்னது கவலை தரும் அளவு, பின்னது நைஸ் வரம்புக்குக் கீழே. இரண்டையும் குழப்பிய பரிந்துரைக் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

2,000க்கு மேல் என்றால் அவசரம். இரண்டு வாரத்துக்குள் நிபுணரும் எக்கோவும். மிக உயர்ந்த எண் மோசமான போக்கைக் காட்டுவதால்தான் இந்த விரைவு. 400 முதல் 2,000 வரை என்றால் ஆறு வாரத்துக்குள். 400க்குக் கீழே என்றால், சிகிச்சை எதுவும் எடுக்காதவருக்கு இதயச் செயலிழப்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. வேறு காரணத்தைத் தேடுங்கள்.

முன்பு மாரடைப்பு வந்தவரை ரத்தம் எடுக்காமலே இரண்டு வாரத்தில் எக்கோவுக்கு அனுப்பும் விதி 2010 வழிகாட்டியில் இருந்தது. 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். மூத்த சகா பழைய விதியைச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

இப்போது சிக்கலான இடம். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021 வழிகாட்டி 125ஐ வரம்பாக வைக்கிறது. நைஸ் 400 என்கிறது. யார் சொல்வது சரி? இரண்டும் ஒரே விஞ்ஞானம்தான், வலையின் கண்தான் வேறு. 125 என்றால் சின்ன மீனும் தப்பாது, ஆனால் எக்கோ வரிசையில் ஆரோக்கியமானவர்கள் நிறையப் பேர் நிற்பார்கள். உண்மையான நோயாளி அவர்களுக்குப் பின்னால் நிற்பார். 400 என்றால் வரிசை குறையும், சிலர் நழுவுவார்கள். 125க்கும் 400க்கும் நடுவே வருகிற எண்ணை 'நார்மல்' என்று குறித்து மூடிவிடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு என்பது என் கருத்து. அந்த இடத்தில் எண்ணை விட நோயாளி பேசியதற்கு எடை அதிகம்.

ஐந்தாம் படி: எண்ணை வளைப்பவை

ஏற்றிவிடுபவை: எழுபதைத் தாண்டிய வயது, சிறுநீரக வடிகட்டல் 60க்குக் கீழே, ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன், வேகமான துடிப்பு, தடித்த இதயச் சுவர், நுரையீரலில் ரத்தக்கட்டி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கடும் தொற்று, கல்லீரல் இறுக்கம், நீரிழிவு. இறக்கிவிடுபவை: உடற்பருமன், ஆப்பிரிக்க அல்லது ஆப்பிரிக்கக் கரீபியப் பூர்வீகம், ஏற்கெனவே சாப்பிடும் நீர்ப்போக்கி, ஏ.சி.இ. தடுப்பான், பீட்டா தடுப்பான் போன்ற மருந்துகள். முடி உதிர்கிறது என்று அதிக அளவில் பயோட்டின் மாத்திரை விழுங்குபவர்களுக்குச் சில ஆய்வகக் கருவிகளில் எண் பொய்யாகக் குறையும். இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே சில ஆண்டுகள் ஆயின.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து பலனில்லை. மூன்று கற்பனை நோயாளிகளை வைத்துப் பார்ப்போம்.

ஒருவருக்கு 82 வயது, ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன், சிறுநீரக வடிகட்டல் 42, எண் 1,150. வயதும் சிறுநீரகமும் துடிப்பும் சேர்ந்து இதை ஏற்றியிருக்கலாம் என்று கையை உதறத் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஏற்றும் காரணங்கள் இருக்கின்றன என்பது இதயம் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. ஆறு வாரப் பரிந்துரை போகட்டும். காரணங்களைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

இன்னொருவருக்கு 56 வயது, நீரிழிவு, உடல் நிறைக் குறியீட்டெண் 39, நான்கு மாதமாக மூன்று தலையணை, எண் 210. கணினி பச்சை நிறம் காட்டும். எனக்கு இவரைப் பற்றித்தான் முதலாமவரை விட அதிகக் கவலை. பருமன் எண்ணை அமுக்குகிறது. இறைப்புத் திறன் குறையாத வகை இதயச் செயலிழப்பு குடிகொள்வதும் இத்தகைய உடலில்தான். இதய நிபுணரிடம் எழுத்தில் ஆலோசனை கேட்கும் வசதி பெரும்பாலான பகுதிகளில் இருக்கிறது. இரண்டு வரி எழுதுங்கள்: எண் குறைவு, பருமன் அதிகம், படுத்தால் மூச்சு முட்டுகிறது, எக்கோ செய்யலாமா?

மூன்றாமவருக்கு 64 வயது, மூன்று ஆண்டுக்கு முன் மாரடைப்பு, எண் 2,600. இவரிடம் யோசிக்க எதுவும் இல்லை. முடிவு வந்த நாளிலேயே போன் செய்து, நிலைமை எப்படி என்று கேட்டு, இரண்டு வாரப் பரிந்துரையை அனுப்புங்கள்.

அரிதான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கால் வீங்கி, வயிறு உப்பி, கழுத்து ரத்தக் குழாய் புடைத்திருக்கிறது. எண் மட்டும் குறைவாக இருக்கிறது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போனால் சுவரால் விரியவே முடியாது, விரியாத சுவர் இந்தப் புரதத்தை அதிகம் விடாது. தெற்காசியாவில் இந்த நோய்க்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். முன்பு காசநோய் இருந்ததா என்ற கேள்வி நம்மவர்களிடம் அவசியம், தாமாகச் சொல்லமாட்டார்கள்.

ஆறாம் படி: நோயாளியிடம் சொல்வது

'இதயச் செயலிழப்பு' என்ற சொல்லே பாதி உயிரை எடுத்துவிடும். மகனோ மகளோ மொழிபெயர்க்க உட்கார்ந்தால் அது பல சமயம் மாரடைப்பாகிவிடும், அல்லது "ஒன்றுமில்லை அம்மா, சும்மா ஒரு ஸ்கேன்" என்று சுருங்கிவிடும். முடிந்தால் நேரடியாகத் தமிழில் சொல்லுங்கள். நான் சொல்லும் விதம் இது: "அம்மா, உங்கள் இதயம் நின்றுவிடப் போகிறது என்று பொருள் இல்லை. ரத்தத்தை இறைக்கும் வேலையில் அதற்குச் சிரமம் இருக்கலாம் என்று இந்தச் சோதனை காட்டுகிறது. இருக்கிறதா இல்லையா என்பதை எக்கோ ஸ்கேன்தான் சொல்லும். இருந்தால் நல்ல மருந்துகள் இருக்கின்றன."

எக்கோவுக்குக் காத்திருக்கும் நாட்களுக்கான அறிவுரையை எழுதிக் கொடுங்கள். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நமக்குச் சொல்ல வேண்டும். படுக்கவே முடியவில்லை என்றால் அன்றே அழைக்க வேண்டும், மூச்சுத் திணறினால் 999. இபுப்ரோஃபென் வேண்டாம். சோற்றில் உப்பைக் குறைத்துவிட்டேன் என்பார்கள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அந்தக் கணக்கில் வந்திருக்காது. பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் எண், அதை எடுத்த தேதி, அப்போது நீர்ப்போக்கி சாப்பிட்டாரா என்பது, ஈ.சி.ஜி., சிறுநீரக முடிவு, மருந்துப் பட்டியல் ஆகியவை இருந்தால் போதும். பதிவேட்டில் 'சந்தேகம்' என்று மட்டும் குறியுங்கள். ரத்த முடிவை வைத்தே இதயச் செயலிழப்பு என்று பதிந்தால் அந்தப் பெயர் பயணக் காப்புறுதி வரை துரத்தும்.

ஏழாம் படி: எக்கோ திரும்பி வரும்போது

இறைப்புத் திறன், அதாவது இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படும் பங்கு, 40 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் பாதை தெளிவு. நான்கு வகை மருந்துகளை நிபுணர் தொடங்குவார், அளவை ஏற்றுவதில் நமக்கும் பங்கு உண்டு. 41 முதல் 49 வரை நடுத்தரம்.

தடுமாற்றம் 50க்கு மேல் வரும்போது. "இறைப்புத் திறன் 60 சதவீதம்" என்ற வரியைப் பார்த்ததும் யாரோ 'நார்மல், நடவடிக்கை தேவையில்லை' என்று கோப்பில் போட்டுவிடுவார்கள். ஆனால் என்.டி.-புரோ-பி.என்.பி. இறைப்புத் திறன் குறைந்த வகையையும் குறையாத வகையையும் பிரித்துக் காட்டாது, இரண்டிலும் ஏறும். அறிக்கையின் மற்ற வரிகளையும் படியுங்கள்: இடது மேலறை விரிந்திருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா, நுரையீரல் ரத்தக் குழாயின் அழுத்தம் ஏறியிருக்கிறதா, வால்வு எப்படி. எண் உயர்ந்திருந்து, அறிகுறியும் இருந்து, இவற்றில் ஏதாவது சரியில்லை என்றால் அந்த 60 சதவீதம் ஆறுதலாகாது. நிபுணரிடம் திருப்பி அனுப்புங்கள். எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பான்கள் (முதலில் நீரிழிவுக்கு வந்த மாத்திரைகள்) வந்த பிறகு இந்த வகைக்கும் கொடுக்க மருந்து இருக்கிறது.

எக்கோ உண்மையிலேயே இயல்பு என்றால், எண்ணை ஏற்றியது எது என்ற கேள்வி மிச்சம் இருக்கும். சிறுநீரகத்தையும் நுரையீரலையும் துடிப்பையும் மறுபடி பார்க்க நோயாளிக்கு ஒரு தேதி கொடுத்துவிட்டே கோப்பை மூடுங்கள்.